அழற்சி மார்புப் புற்றுநோய்: அறிதலும் தரப்படுத்தலும்

ஒரு நோய்க்கு இடும் பெயர் நோயாளரின் கதியையே மாற்றவல்லது என்பதற்கு அழற்சி மார்புப் புற்றுநோயின் வரலாறு தக்கதோர் எடுத்துக்காட்டாகும். மார்புப் புற்றுநோயெனின் கட்டியொன்று கைக்குத் தட்டுப்படும் என்பதே பொதுவான எண்ணம். அரிதான இந்நோயிலோ பெரும்பாலும் கட்டி தோன்றுவதில்லை. தோல் சிவந்து, வீங்கி, வெப்பமுற்று, தோடம்பழத் தோல்போற் குழிவிழுந்து காணப்படும். ஆதலின் இதனைப் பாற்சுரப்பியின் அழற்சியென மயங்குதல் எளிது. அம்மயக்கத்திற் கழியும் வாரங்கள் உயிருக்கே கேடு சூழ்வன.

1814 ஆம் ஆண்டிலேயே சார்ல்ஸ் பெல் என்னும் சத்திரவைத்தியர், நோவோடு கூடிய செந்நீல நிறத் தோலைத் தீய அறிகுறியென எழுதிவைத்தார். 1924 இல் லீ, தனன்போம் என்னும் அமெரிக்க வைத்தியர் இருவர் 28 நோயாளரை ஆராய்ந்து, அழற்சிப் புற்றுநோய் என்னும் பெயரை நிலைநாட்டினர். எனினும் அப்பெயர் முற்றும் பொருந்துவதன்று. கிருமியால் விளையும் அழற்சி இங்கில்லை. புற்றுக்கலங்கள் தோலின் நிணநீர்க்கலன்களை அடைப்பதாலேயே சிவப்பும் வீக்கமும் உண்டாகின்றன. 1943 இல் ஹாகென்சனும் ஸ்ரவுற்றும் சத்திரசிகிச்சையாற் குணப்படுத்தவியலாதவற்றுள் இதனையும் சேர்த்தனர்.

இதே காலத்தில் நுணுக்குக்காட்டிவழித் தரப்படுத்தலும் வளர்ந்தது. 1925 இற் கிறீனோ தொடக்கிய இம்முறையை 1957 இற் புளூமும் றிச்சாட்சனும் செப்பஞ்செய்தனர். 1991 இல் நொட்டிங்காமில் எல்ஸ்ரனும் எல்லிசும் திருத்தியமைத்தனர். சிறுகுழாய் அமைப்பு, கருவின் வேறுபாடு, கலப்பிரிவின் தொகை ஆகிய மூன்றுக்கும் 1 முதல் 3 வரை புள்ளியிடுவர். கூட்டுத்தொகை 3 முதல் 5 வரையாயின் முதலாந் தரம்; 6, 7 இரண்டாந் தரம்; 8, 9 மூன்றாந் தரம்.

தரம் வேறு, படிநிலை வேறு என்பதை ஈண்டு உணர்தல் வேண்டும். தரம் கலத்தின் இயல்பைக் கூறும். படிநிலை நோய் பரவிய எல்லையைக் கூறும். அழற்சிப் புற்றுநோய் பெரும்பாலும் உயர்ந்த தரத்ததே. ஆயினும் தரங்கொண்டு அதனை அறிதல் இயலாது. மார்பின் மூன்றிலொரு பங்கிற்குக் குறையாத சிவப்பும் வீக்கமும் ஆறு மாதங்களுக்குள் விரைந்து தோன்றியிருத்தலும், இழையச் சோதனையிற் புற்று உறுதிப்படுதலுமே அடையாளங்களாம். தோலின் நிணநீர்க்கலன்களிற் புற்றுக்கலங்கள் காணப்படாவிடினும் இம்முடிபு தள்ளப்படுவதில்லை. கண்டறியப்படும்போதே இது மூன்றாம் படிநிலைக்குக் குறைவதன்று.

1970 களின் பின், முதலில் மருந்து, அடுத்துச் சத்திரசிகிச்சை, பின்னர்க் கதிர்வீச்சு என்னும் ஒழுங்கு வகுக்கப்பட்டமையால், முன்பு நம்பிக்கையற்றிருந்தோருள்ளும் பலர் நெடுநாள் வாழலாயினர். ஆகவே, நுண்ணுயிரெதிர் மருந்துக்குத் தணியாத மார்புச் சிவப்பை இழையச் சோதனைக்கு உட்படுத்தத் தாமதித்தலாகாது. இந்நோயின் வரலாறு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவேயாம்.