பானை தலையான கதை

தலைக்கு பிரெஞ்சு மொழியில் "தெத்" என்று பெயர். இத்தாலியனில் "தெஸ்தா". இரண்டும் "தெஸ்தா" என்ற ஒரே லத்தீன் சொல்லில் இருந்து வந்தவை. ஆனால் பழைய ரோமாபுரியில் அந்தச் சொல்லுக்குத் தலை என்ற அர்த்தமே கிடையாது. பானை, ஓடு, உடைந்த பானைச் சில்லு... இதுதான் பொருள்!

ரோம் நகரில் மோன்தே தெஸ்தாச்சோ என்று ஒரு குன்று இருக்கிறது. சுமார் 35 மீட்டர் உயரம். மண்ணால் ஆனதல்ல, ஆலிவ் எண்ணெய் வந்த ஜாடிகளை உடைத்துக் கொட்டியே உருவான குன்று. அதன் பெயரில் இருப்பது இந்தத் தெஸ்தாதான்.

அப்படியானால் தலையை ரோமானியர்கள் எப்படிச் சொன்னார்கள்? "கபுத்" என்றார்கள். சிசரோ போன்றவர்கள் எழுதியதும் அதைத்தான். தெருவில் பேசியவர்கள் கிண்டலாகத் தலையைப் பானை என்று சொல்லத் தொடங்கியிருக்க வேண்டும். நான்காம் நூற்றாண்டில் பொர்தோ நகரத்துக் கவிஞர் ஔசோனியுஸ், மனித மண்டையோட்டைத் தெஸ்தா என்றே எழுதிவிட்டார். இத்தனைக்கும் அவர் ஒரு பேரரசருக்குப் பாடம் சொன்ன வாத்தியார்!

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சங்க காலத்தில் "மண்டை" என்றால் உண்கலம். இன்று அது தலை. ஜெர்மன் மொழியில் தலையைக் குறிக்கும் "கோப்ஃப்" என்ற சொல்லும் முதலில் கிண்ணம்தான்.

கி.பி. 476-ல் மேற்கு ரோமப் பேரரசு முடிவுக்கு வந்தது. அதன் பிறகு பேச்சு லத்தீன் ஊருக்கு ஒரு திசையில் போனது. பிரான்சிலும் இத்தாலியிலும் பானை முழுத் தலையையும் பிடித்துக்கொண்டது. போர்ச்சுகீசியத்தில் அதற்குக் கிடைத்தது நெற்றி மட்டும். ருமேனியனில் மண்டையோடு. ஸ்பானிஷில் "தியெஸ்தோ" என்றால் இன்றும் பூந்தொட்டி!

சரி, கபுத் என்ன ஆனது? ருமேனியனிலும் கத்தலானிலும் அது "காப்" என்ற உருவில் இன்றும் தலைதான். மற்ற இடங்களில் பதவி உயர்வு கிடைத்தது. இத்தாலியனில் "காப்போ" என்றால் தலைவர். பிரெஞ்சில் "ஷெஃப்" என்றாலும் தலைவர்தான். சமையலறைத் தலைவரைத்தான் இன்று உலகமே ஷெஃப் என்கிறது. ஸ்பானிஷ், போர்ச்சுகீசியத்தில் "காபோ" என்றால் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனை.

இந்த மாற்றங்களை எல்லாம் லத்தீன் கெட்டுப்போனதன் அடையாளம் என்று நினைத்த பண்டிதர்கள் உண்டு. ஆனால் கி.பி. 813-ல் தூர் நகரில் கூடிய ஆயர்கள் வேறு விதமாக முடிவெடுத்தார்கள். மக்களுக்குப் புரிய வேண்டுமானால் பிரசங்கத்தை நாட்டுப்புற ரோமானியப் பேச்சிலோ ஜெர்மன் பேச்சிலோ சொல்லுங்கள் என்று ஆணையிட்டார்கள். அதாவது, எழுத்து லத்தீன் சாதாரண மக்களுக்குப் புரியாத மொழியாகிவிட்டது. அந்த நாட்டுப்புறப் பேச்சுதான் பின்னாளில் பிரெஞ்சு ஆனது. பிழை என்று ஒதுக்கப்பட்ட பேச்சுக்கு இன்று தனி இலக்கணமும் அகராதியும் இருக்கின்றன. அந்த அகராதியில் தலைக்கு நேராக இருப்பது பழைய தெருக் கிண்டல்!

கடைசியாக ஒரு விஷயம். பொன், வெள்ளியை உருக்கித் தரம் பார்க்கும் மண்கலத்துக்கு லத்தீனில் "தெஸ்தும்" என்று பெயர். தெஸ்தாவின் நெருங்கிய உறவு. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், முதலில் உலோகப் பரிசோதனை ஆகி, பிறகு மாணவர்களுக்கு வைக்கும் "டெஸ்ட்" ஆனது. டெஸ்ட் என்றதும் தலை சுற்றுகிறதா? இரண்டும் ஒரே பானைக் குடும்பம்தான்!