புகையோடு பறக்கும் காசு: ஆலைக் கழிவு விற்பனைச் சரக்காவது எப்படி?

தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் அரிசி ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன விஷயம். மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளை வேட்டியைச் சாயங்காலம் எடுத்தால், கருப்பாகப் பொட்டுப் பொட்டாக இருக்கும். வண்டியில் போகும்போது கண்ணில் விழுந்தால் அன்று முழுக்க உறுத்தல்தான்.

அந்தக் கரித்தூளுக்கு சந்தையில் விலை உண்டு என்றால் நம்புவீர்களா? ஆலைப் புகையைச் சுத்தம் செய்வது வெறும் செலவா, அதிலிருந்து பொருளும் எடுக்க முடியுமா? எளிமையாகப் பார்ப்போம்.

டெல்டாவில் புகை எங்கிருந்து வருகிறது?

காவிரி டெல்டா 2020-ல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்பட்டது. அதன்படி தாமிரம், அலுமினியம், துத்தநாக உருக்காலைகள், தோல் பதனிடும் ஆலைகள் போன்றவை இங்கே புதிதாக வர முடியாது.

ஆனால் அரிசி ஆலை இல்லாமல் டெல்டா இல்லை. புழுங்கல் அரிசிக்கு நெல்லை ஊறவைத்து, நீராவியில் அவித்து, உலர்த்த வேண்டும். நீராவிக்கு பாய்லர் வேண்டும். பாய்லருக்கான எரிபொருள் ஆலையிலேயே கிடைக்கிறது. அதுதான் உமி.

எவ்வளவு சாம்பல்?

ஒரு டன் நெல்லை அரைத்தால் சுமார் 200 கிலோ உமி வரும். அதை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல் மிஞ்சும். ஒரு நாளைக்கு 50 டன் நெல் அரைக்கும் ஆலை, தன் உமி முழுவதையும் எரித்தால், தினமும் 2 டன் சாம்பல். இதில் ஒரு பகுதி அடுப்புக்கு அடியில் தங்கிவிடும். இலேசானது புகையோடு கிளம்பிவிடும். உங்கள் மாடிக்கு வருவது அந்தப் பகுதிதான்.

அதில் அப்படி என்ன இருக்கிறது?

சிலிக்கா. நெற்பயிர் மண்ணிலிருந்து இதை நிறைய உறிஞ்சுகிறது. நெல் இலை கையை அறுப்பதற்கும் இதுதான் காரணம். நன்றாக எரிந்த உமிச் சாம்பலில் 85 முதல் 90 சதவீதம் வரை, சில சமயம் அதற்கு மேலும் சிலிக்கா இருக்கும்.

எஃகு ஆலைகளில் உருகிய எஃகு சூடு ஆறாமல் இருக்க அதன் மேல் போர்வை மாதிரி இந்தச் சாம்பலைத் தூவுகிறார்கள். கான்கிரீட்டில் சிமென்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம். உமிச் சாம்பலில் இருந்து எடுத்த சிலிக்காவை டயரில் பயன்படுத்தப் போவதாக குட்இயர் நிறுவனம் 2014-ல் அறிவித்தது.

பறக்கும் சாம்பலைப் பிடிப்பது எப்படி?

பொதுவாக மூன்று வழிகள்.

சைக்ளோன்: புகையைச் சுழல வைக்கும் கூம்பு வடிவ இரும்புத் தொட்டி. கனமான தூசி சுவரில் மோதிக் கீழே விழும். விலை குறைவு. ஆனால் நுண்ணிய தூசி தப்பிவிடும்.

பை வடிகட்டி: புகையைத் துணிப் பைகள் வழியாகச் செலுத்துவது. நுண்துகளும் சிக்கும். தீப்பொறி பட்டால் பை எரிந்துவிடும் என்பதால், இதற்கு முன்னால் சைக்ளோன் வைப்பது நல்லது.

நீர்த் தெளிப்பான்: புகை மேல் தண்ணீரைத் தெளித்துத் தூசியை இறக்குவது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்தக் கரித்தண்ணீரை வாய்க்காலில் விட்டால், காற்றில் இருந்த பிரச்சினை வயலுக்குப் போய்விடும்.

விற்க வேண்டுமென்றால் சாம்பலைக் காய்ந்த நிலையிலேயே பிடிப்பது லாபம்.

எல்லாச் சாம்பலும் ஒன்றா?

இல்லை. சாம்பல் கருப்பாக இருந்தால் கரி முழுசாக எரியவில்லை என்று அர்த்தம். சிலிக்கா எடுக்க அது அவ்வளவு தோதாக இருக்காது. எரிபொருளும் வீணாகிறது.

அதற்காகச் சூட்டை அளவில்லாமல் ஏற்றவும் கூடாது. சுமார் 700 டிகிரி செல்சியஸுக்குள் எரிந்தால் சிலிக்கா எளிதில் வினைபுரியும் நிலையில் இருக்கும். சூடு அதற்கு மேல் ஏற ஏற, அது படிக வடிவத்துக்கு மாறத் தொடங்கும். அந்தப் படிகத் தூளைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் கெடும், புற்றுநோயும் வரலாம். சாம்பல் அள்ளும் தொழிலாளருக்கு முகக்கவசம் அவசியம் என்பது இதனால்தான்.

தூசி சரி, வாயுவைப் பிடிக்க முடியுமா?

முடியும் என்று காட்டிய ஊர் தூத்துக்குடி. அங்குள்ள தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை, தன் நிலக்கரி பாய்லர் புகையில் இருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுக்கும் அமைப்பை 2016-ல் இயக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் வரை பிடிப்பதற்கான திட்டம் அது. தொழில்நுட்பத்தைக் கொடுத்த கார்பன் கிளீன் நிறுவனம், கரக்பூர் ஐஐடியில் படித்த இரண்டு இளைஞர்கள் தொடங்கியது.

புகையை ஒரு தனிவகைக் கரைசல் வழியாக அனுப்புவார்கள். கார்பன் டை ஆக்சைடு அதில் ஒட்டிக்கொள்ளும். கரைசலைச் சூடாக்கினால் வாயு தனியாகப் பிரியும். அதோடு உப்பும் அம்மோனியாவும் சேர்ந்தால், கண்ணாடிக்கும் சலவைத் தூளுக்கும் தேவையான சோடா சாம்பல் கிடைக்கும். கூடவே அம்மோனியம் குளோரைடும் கிடைக்கும். அது நெல்லுக்குப் போடும் உரம்.

ஆனால் இதை முழுத் தீர்வு என்று சொல்ல முடியாது. சோடா சாம்பலைக் கண்ணாடி உலையில் உருக்கும்போது அந்த வாயு திரும்பவும் வெளியே வரும்.

கந்தகப் புகை ஜிப்சமாகும்

அனல்மின் நிலையப் புகையில் உள்ள கந்தக டை ஆக்சைடை சுண்ணாம்புக் கல் கலந்த நீரால் கழுவினால் கிடைப்பது ஜிப்சம். களர் நிலத்தைச் சரிசெய்ய விவசாயிகள் காசு கொடுத்து வாங்கிப் போடும் அதே ஜிப்சம்தான். சிமென்ட் ஆலைகளுக்கும் இது தேவை.

அப்புறம் ஏன் எல்லோரும் செய்வதில்லை?

கருவிக்கு முதலில் பெரிய தொகை போட வேண்டும். அதை ஓட்ட மின்சாரம் வேண்டும். உமிச் சாம்பல் எடை குறைவு, இடம் அதிகம் அடைக்கும். லாரி வாடகையே விலையைத் தின்றுவிடும். வாங்குபவர் பக்கத்தில் இல்லையென்றால் சாம்பல் ஆற்றங்கரையில் குவியும்.

கந்தகப் புகையிலும் இதே கதை. அனல்மின் நிலையங்களுக்கான கந்தக வரம்பை மத்திய அரசு 2015 டிசம்பரில் அறிவித்தது. கெடு பலமுறை தள்ளிப்போனது. கடைசியில் 2025 ஜூலையில், நாட்டின் நிலக்கரி மின் நிலையங்களில் சுமார் 78 சதவீதத்துக்கு, கந்தகம் நீக்கும் கருவி கட்டாயமில்லை என்று விலக்கு தரப்பட்டது.

ஆகவே, 'கழிவில் காசு' என்ற ஆசை மட்டும் புகையை நிறுத்தாது. முதலில் விதி வேண்டும், அதை அமல்படுத்த ஆள் வேண்டும். பொருளை விற்பதில் வரும் வருமானம் அந்தச் செலவின் பாரத்தைக் குறைக்கும். அவ்வளவுதான்.

உங்கள் மாடியில் கரி விழுகிறதா?

1981-ம் ஆண்டு காற்று மாசு தடுப்புச் சட்டப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை ஆலைகளுக்குத் தேவை. கரி விழும் தேதி, நேரம், காற்று வீசிய திசை ஆகியவற்றைக் குறித்து வைத்து, படத்தோடு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். தூசி பிடிக்கும் கருவி இருக்கிறதா, அது ஓடுகிறதா என்று இரண்டையும் கேளுங்கள். கருவி இருந்தும் ஓடாமல் கிடந்தால், கரி வழக்கம்போல் உங்கள் மாடிக்குத்தான் வரும்.