ஊர் வட்டமும் சங்க வட்டமும்



மலாயாவுக்கு வந்த நம் முன்னோர் பலரைக் கங்காணிமார் ஊரும் உறவுமாகவே திரட்டி வந்தனர். ஆகவே லயத்தில் முதலில் அமைந்தது ஊர் வட்டமே. காய்ச்சலில் கஞ்சி தந்ததும், சாவுக்குத் தோள் கொடுத்ததும் அதுதான். ஆனால், கூலி உயர்வு கேட்க அது போதவில்லை. ஒரு தோட்டத்தாருக்கு மறு தோட்டத்தாரைத் தெரியாது.

1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. எந்த ஊராராயினும் அதில் உறுப்பினராயினர். பி. பி. நாராயணன் பொதுச் செயலாளரானார்.

அக்காலத்தில் வெள்ளைக்காரர் விற்ற தோட்டங்களை வாங்கியோர் துண்டாடினர். வேலையோடு வீடும் போயிற்று. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரராயினர். மறு ஆண்டே கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் உடைமையாயிற்று.

தனியொருவரின் பத்து வெள்ளிக்குக் காணி நிலமும் கிடைக்காது. முகமறியாதோர் பலர் சேர்ந்ததால் தோட்டமே கிடைத்தது.

வேலை தேடி வெளியூர் செல்லும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். சொந்தக்காரர் வீட்டில் தங்கட்டும். தொழிற்சங்கத்திலும் கூட்டுறவிலும் பெயரைப் பதியட்டும்.