ஒன்றேகால் கோடி ரூபாயும் ஒரு பாராளுமன்றப் பேச்சும்



"பாராளுமன்றத்தில் பேசி எதைக் கண்டோம்?" எங்கள் கலையகத்துக்கு வரும் மூத்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஊரில் நாம் பட்டதை நினைத்தால் மறுத்துச் சொல்ல எனக்கும் வாய் வருவதில்லை. ஆனாலும் ஒரு பேச்சு கணக்குக் கேட்டு வென்ற கதை ஒன்று உண்டு. வர்த்தகம் படித்த நாட்களில் அறிந்தது. இம்மாத ஒலிபரப்பில் சொன்னதை இங்கே தருகிறேன்.

இந்தியாவில் 1956இல் ஆயுள் காப்புறுதி அரசுடைமையானது. 245 நிறுவனங்களும் சங்கங்களும் ஒன்றாக்கப்பட்டு, அந்த ஆண்டு செப்டெம்பரில் ஆயுள் காப்புறுதிக் கூட்டுத்தாபனம் பிறந்தது. அதற்கு வழிவகுத்தவர்களில் ஒருவர் ரேபரேலி உறுப்பினர் பெரோஸ் காந்தி. காப்புறுதிப் பணத்தை முதலாளிகள் எப்படித் தங்கள் தேவைக்குத் திருப்பினார்கள் என்று 1955 டிசெம்பரில் சபையில் புட்டுப்புட்டு வைத்தவர் அவர்.

அரசுடைமையாகியும் வருத்தம் தீரவில்லை. 1957 ஜூனில் கூட்டுத்தாபனம், கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவின் ஆறு கம்பனிகளின் பங்குகளை ஏறத்தாழ ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு வாங்கியது. தன் முதலீட்டுக் குழுவைக் கேட்கவில்லை. முந்த்ராவோ கடனில் மூழ்கிக்கொண்டிருந்தார்.

காப்புறுதிப் பணம் யாருடையது? என் தகப்பனார் ஒரு சாதாரண எழுதுவினைஞர். மாதாமாதம் கட்டிய காப்புறுதியின் பத்திரத்தை, இடம்பெயர்ந்த போதெல்லாம் உடுப்புப் பையின் அடியில் வைத்துக் கொண்டுவந்தார். அங்கே முந்த்ராவுக்குப் போனதும் அப்படிப்பட்ட ஆட்களின் காசுதான்.

1957 டிசெம்பர் 16இல் பெரோஸ் எழுந்தார். அவர் ஆளுங்கட்சிக்காரர், பிரதமர் நேருவின் மருமகனும்கூட. நிதி அமைச்சர் சென்னைத் தமிழரான டி. டி. கிருஷ்ணமாச்சாரி. பெரோஸின் கையில் இருந்தவை தேதிகளும் பங்கு விலைகளும்தான். கல்கத்தாப் பங்குச் சந்தையைத் தாங்கிப் பிடிக்கவே வாங்கினோம் என்றது அரசு தரப்பு. சந்தையைத் தாங்குவதென்றால் ஒரே ஆளின் பங்குகளை ஏன் வாங்க வேண்டும்? கணக்காய்வுக்குப் போகும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி இது.

பம்பாய் உயர் நீதிமன்றப் பிரதம நீதியரசர் சாக்ளா தனியொருவராக விசாரித்தார். பகிரங்க விசாரணை, கூட்டம் தாங்காமல் ஒலிபெருக்கி கட்டவேண்டி வந்தது. சில வாரங்களிலேயே அறிக்கை வந்துவிட்டது (இன்றைய ஆணைக்குழுக்கள் கவனிக்க!). செயலாளர் செய்ததற்கு அமைச்சரே பொறுப்பு, கைகழுவ முடியாது என்றார் சாக்ளா. 1958 பெப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். முந்த்ரா சிறை சென்றார்.

ஒலிபரப்பாளனாக என்னைப் பிடித்து நிறுத்தியது இன்னொரு விஷயம். சபைக்குள் உறுப்பினர் பேசியதற்காக அவர்மேல் வழக்குப் போட முடியாது. ஆனால் அதை அச்சிட்ட பத்திரிகைமேல் போடலாம் என்ற நிலை இருந்தது. 1956இல் பெரோஸ் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம்தான் அந்தப் பயத்தை நீக்கியது. சபையில் நடந்ததைக் கெட்ட எண்ணமின்றி உள்ளபடி சொன்னால் பாதுகாப்பு உண்டு என்று அது சட்டமானது.

1960இல், 48 வயது நிறையுமுன்னே, பெரோஸ் காலமானார். அவசரநிலைக் காலத்தில் அந்தச் சட்டத்தை இல்லாமல் செய்தது அவருடைய மனைவி இந்திராவின் அரசாங்கம். 1977இல் அடுத்து வந்தவர்கள் அதை மீட்டார்கள். 1978இன் 44ஆவது திருத்தம் அந்தப் பாதுகாப்பை அரசியலமைப்பிலேயே எழுதிவைத்தது. பத்திரிகைக்கு மட்டுமல்ல, வானொலிக்கும் அது பொருந்தும்.