பெட்டியில் அச்சிட்ட எண்கள்: பழைய வரைகலை அட்டைகளின் கதை



பள்ளிக் கணினிக் கூடத்தின் அலமாரியைத் துப்புரவு செய்தபோது, தூசு படிந்த இரண்டு பழைய வரைகலை அட்டைகள் கைக்கு வந்தன. உடனிருந்த ஆறாம் ஆண்டு மாணவன் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஐயா, இதில் 32 மெகாபைட், அதில் 128 மெகாபைட் என்று ஒட்டியிருக்கிறது. அப்படியென்றால் 128தானே வேகமானது?" என்று கேட்டான்.

2003-ஆம் ஆண்டில் நானும் அப்படித்தான் எண்ணினேன். பணியில் சேர்ந்த புதிது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் திரட்டித் தந்த பணத்தில், பெட்டியில் கொட்டை எழுத்தில் 128 என்று போட்டிருந்த அட்டையை நான்தான் தெரிவு செய்தேன். கதிரவ மண்டலத்தை முப்பரிமாணத்தில் காட்டும் கல்விக் குறுவட்டு ஒன்று எங்களிடம் இருந்தது. புதிய அட்டையைப் பொருத்திய பின்னரும் கோள்கள் முன்போலவே விட்டு விட்டு நகர்ந்தன. அதன் காரணத்தைத் தேடப் போய்த்தான் இந்த அட்டைகளின் வரலாற்றைக் கற்றேன்.

வீட்டுக் கணினிகளில் முப்பரிமாணப் படங்கள் பரவலாக இடம்பிடிக்க வழிசெய்தது, அமெரிக்காவின் சான் ஓசே நகரில் 1994-இல் தொடங்கப்பட்ட 3டிஎஃப்எக்ஸ் நிறுவனம். 1996-இல் வெளிவந்த அதன் வூடூ கிராபிக்ஸ் அட்டையின் கடிகார வேகம் 50 மெகாஹெர்ட்ஸ். நினைவகம் 4 மெகாபைட். அதில் பாதி திரைப்படிமத்திற்கும் மறுபாதி பொருள்களின் மேற்பரப்பில் போர்த்தும் படங்களுக்கும் ஒதுக்கப்பட்டது. அந்த அட்டை முப்பரிமாண வேலையை மட்டுமே செய்யும். சாதாரணத் திரைக்காட்சிக்கு இன்னோர் அட்டை தேவை. இரண்டையும் ஒரு வடத்தால் இணைக்க வேண்டும். இத்தனை தொல்லை இருந்தும் மக்கள் அதை விரும்பினர். குவேக் விளையாட்டை அதில் கண்டவர்களுக்கு, மையச் செயலி மட்டுமே வரைந்த பழைய காட்சி பிடிக்காமல் போயிற்று.

1998-இல் வூடூ 2 வந்தது. கடிகாரம் 90 மெகாஹெர்ட்ஸ் ஆயிற்று. ஒரே சுற்றில் இரண்டு மேற்பரப்புப் படங்களை அதனால் போர்த்த முடிந்தது. இரண்டு அட்டைகளை இணைத்தால் திரையின் வரிகளை ஆளுக்கொன்றாக மாறி மாறி வரையும். அதே ஆண்டில், 1993-இல் பிறந்த என்விடியா நிறுவனம் ரீவா டிஎன்டி அட்டையைக் கொண்டுவந்தது. அதன் கடிகாரமும் 90 மெகாஹெர்ட்ஸ்தான். ஆனால் சாதாரணக் காட்சியும் முப்பரிமாணமும் ஒரே அட்டையில் அடங்கின; 32 பிட் வண்ணமும் உண்டு.

இங்கேதான் எண்களின் போர் தொடங்கியது. 16 பிட் வண்ணம் என்றால் 65,536 நிறங்கள். 32 பிட் என்றால் ஏறத்தாழ 16.7 மில்லியன் நிறங்கள். 1999-இல் வந்த வூடூ 3 3000 அட்டை, 166 மெகாஹெர்ட்ஸ் வேகமும் 16 மெகாபைட் நினைவகமும் கொண்டிருந்தும், முப்பரிமாணத்தில் 16 பிட்டைத் தாண்டவில்லை. அதன் போட்டியாளரான டிஎன்டி 2 அல்ட்ராவுக்கு 150 மெகாஹெர்ட்ஸ், 32 மெகாபைட், 32 பிட். அன்றைய விளையாட்டுகளை 16 பிட்டில் ஓட்டியபோது வூடூ 3 சளைக்கவில்லை. 32 பிட்டுக்கு மாறினால் டிஎன்டி 2 தானே வேகம் குன்றியது. ஆயினும் பெட்டியில் 32 பெரிதாகத் தெரிந்தது.

32 பிட்டில் வேகம் குன்றுவானேன்? 1999 அக்டோபரில் விற்பனைக்கு வந்த ஜீஃபோர்ஸ் 256 அட்டையை வைத்து இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். அதன் கடிகாரம் 120 மெகாஹெர்ட்ஸ். ஒரு சுற்றில் நான்கு படப்புள்ளிகளை வரையும். ஆகவே உச்ச வேகம் நொடிக்கு 480 மில்லியன் புள்ளிகள். 32 பிட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும் நிறத்தை எழுத 4 பைட், அதன் ஆழத்தைப் படிக்க 4 பைட், புதிய ஆழத்தை எழுத 4 பைட் என 12 பைட் வேண்டும். 480 மில்லியனை 12-ஆல் பெருக்கினால் 5,760 மில்லியன் பைட். மேற்பரப்புப் படங்களை இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை!

அந்த அட்டையின் நினைவகம் கொடுத்தது எவ்வளவு? பாதையின் அகலம் 128 பிட், அதாவது 16 பைட். நினைவகக் கடிகாரம் 166 மெகாஹெர்ட்ஸ். 166 × 16 = 2,656 மில்லியன் பைட். தேவையில் பாதி கூட இல்லை. சமையற்காரர் எவ்வளவு விரைவாக இருந்தாலும் அரிசி வந்து சேராவிட்டால் உலை காத்துத்தான் கிடக்கும். பின்னர் அதே சில்லு, அதே 32 மெகாபைட்டுடன், ஒரு சுற்றில் இருமுறை தரவு அனுப்பும் டிடிஆர் நினைவகத்தில் வந்தது. 150 × 2 × 16 = 4,800. 32 பிட் வண்ணத்தில், பெரிய திரை அளவுகளில், வேகம் கண்கூடாக உயர்ந்தது.

3டிஎஃப்எக்ஸ் 2000-இல் வூடூ 5 5500 அட்டையை வெளியிட்டது. இரண்டு சில்லுகள், 64 மெகாபைட். ஆனால் ஒவ்வொரு சில்லுக்கும் 32 மெகாபைட்தான். மேற்பரப்புப் படங்களை இரண்டிலும் தனித்தனியே படியெடுத்து வைக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அந்நிறுவனம் தன் சொத்துகளை என்விடியாவுக்கே விற்க உடன்பட்டது. 2002-இல் நொடித்தது.

வென்றவரும் அதே பாடத்தைக் கற்க நேர்ந்தது. 2002-இல் கனடாவின் ஏடிஐ நிறுவனம் ரேடியான் 9700 புரோ அட்டையை வெளியிட்டது. வேகம் 325 மெகாஹெர்ட்ஸ். ஆனால் ஒரு சுற்றில் எட்டுப் புள்ளிகள், பாதை 256 பிட். என்விடியாவின் ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா 2003-இல் 500 மெகாஹெர்ட்ஸுடன் வந்தது. சுற்றுக்கு நான்கு புள்ளிகள், பாதை 128 பிட். பெருக்கிப் பாருங்கள்: முன்னது 2,600 மில்லியன் புள்ளிகள், பின்னது 2,000 மில்லியன். நினைவகம் முன்னதில் நொடிக்கு ஏறத்தாழ 19.8 கிகாபைட், பின்னதில் 16 கிகாபைட்.

எண்களை நம்பாமல் சோதனை முடிவுகளை நம்பலாமா? அதிலும் விழிப்பு வேண்டும். 2001-இல் ஏடிஐயின் ரேடியான் 8500 அட்டையில் குவேக் 3 விளையாட்டுக் கோப்பின் பெயரை மாற்றி ஓட்டியபோது வேகம் குறைந்தது. இயக்கி மென்பொருள், விளையாட்டின் பெயரை அடையாளங்கண்டு படத்தின் தரத்தைக் குறைத்து, வேகத்தைக் கூட்டியிருந்தது. 2003-இல் 3டிமார்க் 03 சோதனையில் என்விடியாவின் இயக்கி மீதும் இத்தகைய குற்றச்சாட்டு எழுந்தது. வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்ட மாணவனின் புள்ளியை நாம் எப்படி மதிப்போம்?

மீண்டும் அலமாரிக்கு வருகிறேன். 32 என்று ஒட்டியிருந்தது சாதாரண நினைவகம் கொண்ட ஜீஃபோர்ஸ் 256. 128 என்று ஒட்டியிருந்தது அன்று நான் வாங்கியது. அதில் நினைவகச் சில்லுகளுக்கான இடங்களில் பாதி வெறுமையாக இருக்கும். பாதை 64 பிட், அதாவது 8 பைட். டிடிஆர் நினைவகத்தின் கடிகாரம் 166 மெகாஹெர்ட்ஸ். மாணவனைக் கரும்பலகைக்கு அழைத்து இரண்டு அட்டைகளுக்கும் பெருக்கச் சொன்னேன்.

166 × 16 = 2,656.

166 × 2 × 8 = 2,656.

சற்று நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான்கு மடங்கு என்று நினைத்தேன், ஐயா. இரண்டும் ஒன்றுதானா?" என்றான். "நானும் அப்படித்தான் நினைத்தேன், தம்பி. பெற்றோர் கொடுத்த பணத்தில்" என்றேன்.

இரண்டு அட்டைகளையும் நான் வீசவில்லை. பெருக்கல் பாடத்திற்கென அவை இப்போது வகுப்பறை மேசையில் இருக்கின்றன.