ஒலவக்கோடு முதல் பஞ்சாப் வரை: இதய நோய்க்கு எல்லை வரைந்த கணக்குகள்

இந்தியாவில் இதய நோயின் வட்டார வேறுபாடு குறித்த விவாதத்தில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் கட்டுரை ஒன்று, 1967 ஆம் ஆண்டு 'பிரிட்டிஷ் ஹார்ட் ஜர்னல்' இதழில் வெளிவந்தது. அதை எழுதியவர் மேற்கு ரயில்வேயின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த எஸ். எல். மல்ஹோத்ரா. 1958 முதல் 1962 வரை, சுமார் 11.5 லட்சம் ரயில்வே ஊழியரிடையே மாரடைப்பால் நேர்ந்த இறப்புகளை அவர் தொகுத்தார். தென்னிந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 135 இறப்புகள்; பஞ்சாபில் 20. வேறுபாடு ஏறத்தாழ ஏழு மடங்கு.

ரயில்வே இத்தகைய ஆய்வுக்கு ஏற்ற களம். நாடெங்கும் ஒரே நிர்வாகம், ஒத்த பணிப் பிரிவுகள், சொந்த மருத்துவமனைகள், முறையான பதிவேடுகள். நம்பத்தக்க இறப்புக் காரணப் பதிவு பெரும்பாலான ஊர்களில் இல்லாத காலத்தில் இது அரிய வாய்ப்பு. ஆனால் கிடைத்த முடிவு அன்றைய மருத்துவக் கருத்துக்கு முரணாக இருந்தது. தென்னிந்தியரைவிடப் பஞ்சாபியர் பல மடங்கு கொழுப்பு உண்டனர். அதுவும் பெரும்பாலும் பாலிலிருந்து கிடைத்த கொழுப்பு. விலங்குக் கொழுப்பே மாரடைப்புக்கு முதற்காரணம் என்னும் கருத்து மேலை நாடுகளில் வலுப்பெற்றிருந்த வேளை அது. மல்ஹோத்ரா கொழுப்பின் அளவை விடுத்து அதன் தன்மையைக் காரணமாகக் காட்டினார். வடக்கின் நெய்யிலும் தயிரிலும் உள்ள குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் காக்கின்றன. தெற்கின் வித்து எண்ணெய்களில் உள்ள நெடுஞ்சங்கிலி அமிலங்கள் கெடுக்கின்றன என்பது அவர் விளக்கத்தின் சாரம்.

இந்த விளக்கத்தில் வரும் 'தெற்கு' எது என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னக ரயில்வே 1951 ஏப்ரல் 14 அன்று உருவானது. அதன் ஒலவக்கோடு கோட்டம், இன்றைய பாலக்காடு கோட்டம், 1956 ஆகஸ்ட் 31 அன்று அமைந்தது. இரண்டு மாதங்களுக்குப் பின், நவம்பர் 1 அன்று கேரள மாநிலம் பிறந்தது. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் பாதை புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை என்று சித்தூர் வட்டத்தினூடே செல்கிறது. 1949 வரை சித்தூர் கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. பக்கத்திலிருந்த பாலக்காடு சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது.

இவ்வட்டத்தின் மேற்குப் பகுதி ஆற்றுப் பாசனத்தில் நெல் விளையும் நிலம். கிழக்கே கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகியவை தமிழ் வழங்கும் மழைமறைவு ஊர்கள். அங்குள்ள கரிசல் மண்ணில் நிலக்கடலை விளையும். ஒரே வட்டத்திற்குள் தேங்காய் எண்ணெயின் உலகமும் கடலை எண்ணெயின் உலகமும் சந்திக்கின்றன. வேதியியல் நோக்கில் இவை ஏறத்தாழ எதிர்த்துருவங்கள். தேங்காய் எண்ணெய் பெரிதும் நிறைவுற்ற கொழுப்பு. அதில் நடுத்தரச் சங்கிலி அமிலங்கள் மிகுதி. கடலை எண்ணெயில் நிறைவுறாக் கொழுப்பே மிகுதி. இவ்விரண்டையும் 'தென்னிந்திய எண்ணெய்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டு அதையே நோய்க்குக் காரணமாக்கும் விளக்கம், சித்தூரின் அடுக்களைகளைத் தாண்டுவது அரிது.

அரை நூற்றாண்டுக்குப் பின் வந்த கணக்குகள் மல்ஹோத்ராவின் படத்தை வேறு வகையில் மாற்றின. 1990 முதல் 2016 வரையிலான மாநில வாரி நோய்ச்சுமை பற்றிய ஆய்வு 2018 இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியானது. இதயக் குழல் நோய்களின் பரவல் மிகுந்த மாநிலங்களாக அது காட்டியவை கேரளம், தமிழ்நாடு, பஞ்சாப். ஏழு மடங்கு இடைவெளியின் இரு கரைகளும் ஒரே வரிசையில் வந்து நின்றன. இரண்டு ஆய்வுகளும் அளந்தவை வேறு: முன்னது பணியிலிருந்தோரின் இறப்பு, பின்னது மக்களிடையே நோயின் பரவல். ஆதலால் எண்ணோடு எண்ணை நேராக ஒப்பிடலாகாது. ஆயினும் ஒன்று தெளிவு. பஞ்சாபியரின் பிறப்பு வழியோ மண்ணோ ஐம்பது ஆண்டுகளில் மாறிவிடவில்லை, மாறியது வாழ்க்கை. வட்டார வேறுபாடு இயற்கை எழுதிய நிலையான விதி அன்று. அது வரலாற்றின் ஒரு கட்டம்.

அதே ஆண்டு 'பிளாஸ் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு 7,97,540 பேரின் தரவுகளை ஆராய்ந்தது. பத்தாண்டுக்குள் இதயக் குழல் நோய் வரும் வாய்ப்பின் சராசரி, ஜார்க்கண்டில் 13.2 விழுக்காடு, கேரளத்தில் 19.5 விழுக்காடு. வளமும் நகர்மயமும் மிகுந்த மாவட்டங்களில் இந்த வாய்ப்பு உயர்ந்தது. புகைப்பழக்கமோ ஊர்ப்புறத்திலும் வறியோரிடையேயும் மிகுந்திருந்தது. அதாவது, ஒரே நோய்க்கு வெவ்வேறு மக்கள் வெவ்வேறு வழிகளில் வந்து சேர்கின்றனர்.

சித்தூருக்கு இதிலுள்ள பாடம் சிறிதன்று. எருத்தேம்பதியின் உழவர் ஒருவர் கணக்கேட்டில் 'கேரளம்' என்ற சராசரிக்குள் கரைகிறார். எல்லைக்கு அப்பால் கோவை மாவட்டத்தில் வாழும் அவருடைய உறவினர் 'தமிழ்நாடு' என்ற சராசரிக்குள் கரைகிறார். இருவரின் மண்ணும் மொழியும் ஒன்று, எண்கள் வேறு. மாநிலச் சராசரியைத் தலையெழுத்தாகப் படிப்பதன் இழப்பு நேரானது: இரத்த அழுத்தம், சர்க்கரை, புகையிலை என மாற்றக்கூடியவை பின்னுக்குத் தள்ளப்பட்டு, 'தெற்கு', 'கேரளம்' என்னும் பெயர்களே காரணங்களாகிவிடுகின்றன. 1967 இல் பதிவேட்டின் எல்லையே நோயின் எல்லையாகக் கொள்ளப்பட்டது. வட்டம், ஊராட்சி என்னும் அளவுக்குக் கணக்கு இறங்கும்வரை அந்தப் பிழை வேறு பெயரில் தொடரும்.