பாம்பு கடித்தால் கயிறு கட்டாதீர்கள்

நிலக்கடலை பறிப்பிலும் நெல் அறுவடையிலும் பாம்பு கடித்தவுடன், விழுப்புரம், திண்டிவனம் பகுதி விவசாயிகள் பலர் கடிவாய்க்கு மேலே துண்டையோ கயிற்றையோ சைக்கிள் டியூபையோ இறுக்கிக் கட்டுகிறார்கள். விஷம் மேலே ஏறாது என்பது நம்பிக்கை. அந்தக் கட்டு விஷத்தை நம்பகமாகத் தடுப்பதில்லை. ரத்த ஓட்டத்தைத்தான் நிறுத்துகிறது. உலக சுகாதார நிறுவனமும் இந்திய அரசின் சிகிச்சை நெறிமுறையும் இதை வேண்டாம் என்றே சொல்கின்றன.

கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் விஷம் கடித்த இடத்துச் சதையையே அழிக்கும். கட்டுப் போட்டால் விஷம் அங்கேயே தேங்கி, ரத்தமும் கிடைக்காமல் சதை அழுகும். விரலையோ காலையோ எடுக்க வேண்டி வரலாம். நல்ல பாம்பு, கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்கும். இறுகிய கட்டைத் திடீரென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாகப் பரவி மூச்சு நின்றுவிடலாம். ஆகவே ஏற்கெனவே இறுக்கிக் கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள். மருத்துவர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும்.

கடிபட்டவரை நடக்க விடாதீர்கள். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள். வீக்கம் வந்தபின் கழற்ற முடியாது. கை கால் அசையாதபடி ஒரு குச்சி வைத்துத் துணியால் தளர்வாகக் கட்டலாம். கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடிப் பிடிக்கவும் வேண்டாம். 108 வரத் தாமதமானால் பைக்கில் இருவருக்கு நடுவே உட்கார வைத்து, திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, எது பக்கமோ அங்கே கொண்டு செல்லுங்கள். விஷமுறிவு மருந்து ஒன்றே மருந்து. அரசு மருத்துவமனையில் அது இலவசம். (மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இந்த நான்கு பாம்புகளின் விஷத்தை எடுத்துக் கொடுப்பதும் அந்த மருந்துக்காகத்தான்.)

இரவில் தரையில் படுத்திருந்தவருக்குக் காலையில் வயிற்றுவலி, இமை சரிவு இருந்தால் கடித்த தடம் தெரியாவிட்டாலும் கட்டுவிரியனைச் சந்தேகியுங்கள்.

இறுக்கிக் கட்ட வேண்டிய நேரமும் ஒன்று உண்டு. தீவனம் நறுக்கும் இயந்திரத்திலோ கதிரடிக்கும் இயந்திரத்திலோ கை சிக்கி, ரத்தம் பீச்சியடித்து, துணி வைத்து அழுத்தியும் நிற்காதபோது மட்டும். அப்போதும் கயிறோ கம்பியோ கூடாது. மூன்று விரல் அகலத் துணியைக் காயத்துக்கு நான்கு விரல் மேலே, மூட்டின் மீது படாமல் கட்டி, குச்சி செருகி ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் கையிலேயே பேனாவால் எழுதி, நடுவில் தளர்த்தாமல் 2 மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேருங்கள்.